செவியே சான்று: ஒலிக்கருவிகளைச் சோதித்த சபைகளின் வரலாறு

கண்ணாற் கண்டதை ஒருவன் மற்றொருவனுக்குச் சுட்டிக்காட்டலாம். காதாற் கேட்டதை அவ்வாறு சுட்டிக்காட்டுதல் இயலாது. ஒலி தோன்றிய கணத்திலேயே மறைந்துபடுவது. இரண்டு ஒலிபெருக்கிகளுள் எது சிறந்தது என்னும் வினா எழுமாயின், முதலாவதன் ஒலியை நினைவிலே தாங்கிக்கொண்டுதான் இரண்டாவதைக் கேட்கவேண்டியிருக்கின்றது. நினைவோ விரைந்து தேய்வது. விருப்பு வெறுப்புகளுக்கு எளிதில் வளைந்து கொடுப்பது. இதனாலேயே ஒலிக்கருவிகளின் தரத்தை அறிய விரும்பியோர் ஒன்றுகூடி இருந்து கேட்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாயினர். தனியொருவன் செவியை நம்புவதிலும் பலர் செவிகளை நம்புதல் நன்றெனக் கருதப்பட்டது.

இத்தகைய கூட்டங்கள் வெறும் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் வரலாற்று மாணவன் எந்தச் சான்றையும் நோக்கி எழுப்பும் வினாக்கள் இவற்றினுள்ளும் அடங்கிக் கிடக்கின்றன. தீர்ப்புக் கூறும் தகுதி யாருக்கு உரியது? கருவியை ஆக்கியவனுக்கா, அதன் நுட்பம் அறிந்த அறிஞனுக்கா, அல்லது காசு கொடுத்து வாங்கும் சாதாரண மனிதனுக்கா? அவன் கூறும் சாட்சியம் எந்த நிலைமையிலே ஏற்கத்தக்கது? ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலத்தில் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் மாறிவந்த முறையை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டமாகக் கூடிக் கருவியின் துணைகொண்டு இசை கேட்ட முதல் நிகழ்ச்சிகளுள் குறிப்பிடத்தக்கது 1881ஆம் ஆண்டிலே பரிஸ் மாநகரில் நடைபெற்ற அனைத்துலக மின்னியற் கண்காட்சியாகும். கிளெமெந்த் அடேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் பரிஸ் ஒப்பெரா அரங்கின் மேடை விளிம்பிலே தொலைபேசி ஒலிவாங்கிகளை இடமும் வலமுமாகப் பொருத்தி, அவற்றிலிருந்து கண்காட்சி மண்டபத்திற்குக் கம்பிகளை அமைத்தார். மண்டபத்து அறைகளிலே காத்திருந்தோர் இரு காதுகளிலும் இரு கேள்கருவிகளை வைத்துக் கேட்டனர். ஒரு காதிற்கு இடப்புறத்து ஒலியும் மற்றைக் காதிற்கு வலப்புறத்து ஒலியும் சென்றமையால், பாடகர் மேடையிலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நடந்து செல்வதையும் கேட்போர் உணர்ந்தனர். பிற்காலத்தில் ஸ்டீரியோ எனப் பெயர்பெற்ற ஒலியமைப்பின் முன்னோடி இதுவெனலாம். இம்முறை 1890ஆம் ஆண்டுமுதல் 'தேயாத்திரோபோன்' என்னும் பெயரிலே கட்டணச் சேவையாகி 1932 வரை நீடித்தது. எனினும் கண்காட்சிக்கு வந்தோர் எதனையுஞ் சோதிக்க வந்தவரல்லர், வியக்க வந்தவர். பாட்டுத் தொலைவிலிருந்து வருகின்றது என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

சோதனை என்ற சொல்லையே தலைப்பிற் சூட்டிக்கொண்டு எழுந்தவை தோமஸ் அல்வா எடிசனின் நிறுவனம் 1915இலிருந்து 1925 வரை அமெரிக்காவெங்கும் நடத்திய 'ரோன் ரெஸ்ற்' என்னும் தொனிச் சோதனைக் கூட்டங்களாகும். எடிசனின் வைர ஊசி இசைத்தட்டுப் பொறி மேடையிலே வைக்கப்படும். அதனருகே பாடகி நின்று பாடுவார். அவருடைய குரல் பதிவாகியுள்ள தட்டும் உடன் சுழலும். பாடகி இடையிலே வாய்மூடி நிற்பார், பாட்டுத் தொடரும். பின்னர் விளக்குகள் அணைக்கப்படும். இருளிலே பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். மீண்டும் ஒளி வரும்போது மேடையிலே பாடகி இல்லை, பொறி மட்டுமே நிற்கும். 1916ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் மரி ரப்போல்ட் என்னும் பாடகி பங்குபற்றிய கூட்டம் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. குரலுக்கும் பொறிக்கும் வேறுபாடு காண இயலவில்லை எனப் பத்திரிகைகள் எழுதின.

இன்று அத்தட்டுகளைக் கேட்பவர் இக்கூற்றை எளிதில் நம்பமாட்டார். மின்சாரப் பதிவு தோன்றுவதற்கு முற்பட்ட அக்காலத்திலே, கூம்பின் வழியாகப் பதிவான ஒலி மனிதச் செவி கேட்கவல்ல வீச்சின் ஒரு சிறு பகுதியையே கொண்டிருந்தது. ஊசி உராயும் இரைச்சலும் உடன் இருந்தது. அவ்வாறாயின் ஆயிரக்கணக்கானோர் ஏமாந்தது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஒரு பகுதி விடையை அக்கூட்டங்களிலே பாடிய அன்னா கேஸ் என்னும் பாடகி பல தசாப்தங்களின் பின்னர் தாமே அளித்தார். பொறியின் ஒலிக்கு ஒத்துவருமாறு தமது குரலை அமைத்துப் பாடியதாக அவர் கூறினார். அதாவது பொறி மனிதக் குரலைப் போலப் பாடவில்லை. மனிதக் குரலே பொறியைப் போலப் பாடியது.

ஆயினும் சபையோரை வெறும் பேதையர் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அதற்கு முன்னர் அவர்கள் கேட்டறிந்த பொறிகளோடு ஒப்பிடுகையில் இப்பொறி மிக மேம்பட்டதே. கேள்வியின் அளவுகோல் காலத்தோடு மாறுவது. ஒரு தலைமுறைக்கு முழுமையாகத் தோன்றியது அடுத்த தலைமுறைக்குக் குறையாகத் தோன்றும். கூட்டத்தின் குறை சபையோரின் செவியிலன்று, கூட்டத்தை அமைத்த முறையிலே இருந்தது. எந்தப் பாட்டு, எந்தக் குரல், விளக்கு எப்போது அணையவேண்டும் என்பன யாவும் விற்பவரின் கையிலேயே இருந்தன. சபைக்கு விடப்பட்டது கைதட்டல் மட்டுமே. வழக்காடுவோன் ஒருவனே நீதிபதியின் ஆசனத்தையும் ஒழுங்குசெய்வானாயின் தீர்ப்பு எவ்வாறமையும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இந்நிலையை மாற்றியவர் கருவிகளைத் தாமே செய்யக் கற்றுக்கொண்ட ஆர்வலராவர். 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிலே செய்து கடற்படைக்கு அனுப்பிய ஹெட்போன், தந்திக் குறிகளைக் கேட்கும் தொழிலாளருக்குப் பயன்பட்டது. வானொலி தோன்றியதும் அக்கருவி இல்லங்களுக்குட் புகுந்தது. 1920களிலே பளிங்கு வாங்கியைத் தாமே இணைத்து, ஹெட்போனைக் காதிற் பொருத்திக்கொண்டு, தொலைதூர நிலையங்களைத் தேடிய இளைஞர் பல நாடுகளிலும் தோன்றினர். கொழும்பிலும் 1925ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் வானொலிச் சேவை முறையாகத் தொடங்குவதற்கு முன்னரே, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகள் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டன. அதே 1925ஆம் ஆண்டிலே ரைஸ், கெலோக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் இயங்கு சுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை விளக்கி வெளியிட்டனர். காந்தப்புலத்தினுள்ளே தொங்கும் கம்பிச் சுருள் ஒன்று மின்னோட்டத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து கடதாசிக் கூம்பை அசைக்கும் அவ்வமைப்பே இன்றுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாக உள்ளது. அதனைச் செய்வதற்குப் பெருந் தொழிற்சாலை வேண்டியதில்லை. வீட்டின் நிலவறையே போதுமானது.

அவ்வாறு நிலவறையிலே தொடங்கியவர்களுள் கில்பேர்ட் பிறிக்ஸ் முதன்மையானவர். 1890இலே பிறந்து, இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியில் துணி வணிகத் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், பொருளாதார மந்தம் நிலவிய 1932ஆம் ஆண்டிலே தமது வாவ்டேல் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டு பிராட்போர்ட் வானொலிச் சங்கம் நடத்திய ஒலிபெருக்கிப் போட்டிக்கு அவர் அனுப்பிய இரண்டு கருவிகளும் முதலிரு பரிசுகளைப் பெற்றன. அவருடைய தொழில் வேரூன்றியது அப்போட்டியின் பின்னரேயாகும். எடிசனின் கூட்டத்திற்கும் பிராட்போர்ட் கூட்டத்திற்குமுள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. முன்னதிலே விற்பவர் சபையைக் கூட்டினார். பின்னதிலே சபை தானே கூடி விற்பவரைத் தன்முன் வரவழைத்தது. முன்னதிலே பொறி ஒன்றே; பின்னதிலே பல. ஒப்புநோக்குக்கு இடமுண்டானபோதே சோதனை என்னும் சொல் பொருளுடையதாயிற்று.

அதே 1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி, அறிவியலாளர் நடத்திய மாபெருஞ் சோதனையொன்று அமெரிக்காவிலே நிகழ்ந்தது. பெல் ஆய்வுகூடத்து ஹார்வி பிளெச்சரும் அவருடைய குழுவினரும், பிலடெல்பியா நகரிலே வாசிக்கப்பட்ட வாத்தியக் குழு இசையை மூன்று தனித்தனி வழிகளாகத் தொலைபேசிக் கம்பிகளினூடே வாஷிங்டன் நகரின் கொன்ஸ்ரிரியூசன் மண்டபத்திற்கு அனுப்பினர். குழுவின் தலைவர் லியோபோல்ட் ஸ்ரொக்கொவ்ஸ்கி வாத்தியக் குழுவின் முன்னே நிற்கவில்லை. அலெக்சாந்தர் ஸ்மோலென்ஸ் என்பவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, வாஷிங்டன் மண்டபத்திலே அமர்ந்து ஒலியின் அளவையும் சமநிலையையும் திருகிகளால் இயக்கினார். வெறும் மேடையில் இசைக் குழு பரந்து அமர்ந்திருப்பது போன்ற உணர்வைச் சபையோர் பெற்றனர். எனினும் அத்தகைய ஏற்பாட்டைத் தனியொருவர் தம் வீட்டிலே அமைத்தல் அன்று கனவிலும் இயலாததாயிருந்தது.

அறிஞரின் கூடத்திற்கும் ஆர்வலரின் அறைக்கும் இடையே பாலம் அமைத்தது, இரண்டாம் உலகப் போரின் பின்னர் வெளிவந்த ஒரு கட்டுரையாகும். 1947ஆம் ஆண்டிலே 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழிலே டி. ரி. என். வில்லியம்சன் என்பவர் 15 உவாற்று வலுவுள்ள விரியலாக்கியொன்றின் அமைப்பை முழுமையாக வெளியிட்டார். விரியலாக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்ப்புறமாக உள்ளீட்டிற்கே திருப்பிச் செலுத்தித் திரிபைக் குறைக்கும் முறையை 1927இலே ஹரோல்ட் பிளாக் கண்டறிந்திருந்தார். வில்லியம்சன் அம்முறையைக் கையாண்டு, திரிபு நூற்றிலே பத்திலொரு பங்கிற்கும் குறைவாக அமையும்படி செய்தார். வால்வுகளின் பெயர், தடைகளின் அளவு, நிலைமாற்றியைச் சுற்றும் முறை யாவும் அக்கட்டுரையிலே தரப்பட்டிருந்தன. பல நாடுகளிலே எண்ணற்ற ஆர்வலர் அதனை வைத்துத் தம் கையாலேயே கருவியைக் கட்டினர். கட்டியவன் அதனை மற்றவனுடைய கருவியோடு ஒப்பிட்டுக் கேட்க விரும்புதல் இயல்பே. கருவியின் உள்ளமைப்பை அறிந்த ஒருவனை மேடையலங்காரத்தால் மயக்குதல் எளிதன்று. இவ்வாறு புதியதொரு சபை உருவாயிற்று.

1949ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே நியூயோர்க் நகரத்து விடுதியொன்றில், ஒலிப் பொறியியற் சங்கத்தின் முதல் மாநாட்டோடு இணைந்து முதலாவது ஒலிக் கண்காட்சி நடைபெற்றது. இலண்டனிலே அத்தகைய கண்காட்சி 1956இலே தொடங்கியது. விடுதியின் படுக்கையறைகள் கேட்கும் அறைகளாக மாறின. ஒவ்வோர் அறையிலும் ஓர் உற்பத்தியாளர்; வாயிலிலே காத்திருப்போர் கூட்டம். இல்லத்து அறையை ஒத்த அளவுடைய அறையிலே கேட்பது பயனுடையதே. ஆனால் ஓர் அறையின் ஓசை மற்றோர் அறையினுட் புகும். அதனை அமிழ்த்துவதற்கு ஒவ்வொருவரும் ஓசையைக் கூட்டுவர். இரு கருவிகளுள் சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததெனக் கொள்ளும் இயல்புடையதாதலால், பல வேளைகளில் தரம் தோற்று உரப்பு வென்றது. ஒப்புநோக்கு மட்டும் போதாது, ஓசையின் அளவைச் சமப்படுத்திய பின்னரே ஒப்புநோக்க வேண்டும் என்பது இத்தகைய அனுபவத்தாற் பெற்ற பாடமாகும்.

இக்காலத்துக் கூட்டங்களுள் தலைசிறந்தவை பிறிக்ஸ் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதந் தொடங்கி நடத்திய விரிவுரைக் கச்சேரிகளாகும். ஏறக்குறைய 3,000 பேர் அமரக்கூடிய அம்மண்டபத்திலே ஒலிபெருக்கி பற்றிய சொற்பொழிவைக் கேட்க மக்கள் காசு கொடுத்து வந்தனர் என்பதே வியப்பிற்குரியது. குவாட் விரியலாக்கிகளைச் செய்த பீற்றர் வோக்கர் அவருக்குத் துணைநின்றார். இல்லங்களிலே பயன்படும் கருவிகளையொத்த சில ஒலிபெருக்கிகளும், ஒவ்வொன்றும் 15 உவாற்று வலுவேயுடைய விரியலாக்கிகளுமே மேடையில் இருந்தன. கலைஞர் வாசித்ததையும் அதன் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுச் சபையோர் தாமே ஒப்பிட்டனர். 1955, 1956 ஆகிய ஆண்டுகளிலே நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் அவர் அத்தகைய கச்சேரிகளை நடத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எடிசனின் பொறி நின்ற அதே மண்டபம் அது. ஆனால் பிறிக்ஸ் இருளை நாடவில்லை. தம் தொழிலின் நுட்பங்களை எளிய நடையிலே நூல்களாக எழுதிப் பரப்பிய அவர், மேடையிலும் ஆசிரியராகவே நின்றார். விற்பனைக் கூட்டம் கல்விக் கூட்டமாக மாறியதை இங்குக் காணலாம்.

அமெரிக்காவிலே எட்கார் வில்சூர் இவ்வழியை மேலுஞ் செம்மைப்படுத்தினார். காற்றுப் புகாத பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்திச் சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஓசையை எழுப்பும் ஒலிபெருக்கியை 1954இலே அவர் அறிமுகஞ் செய்தார். 1959இலிருந்து சில ஆண்டுகள், பைன் ஆர்ட்ஸ் நால்வர் குழுவினர் மேடையிலே நரம்புக் கருவிகளை வாசிக்க, இடையிலே ஓசையெழாது வில்லை அசைக்க, ஒலிபெருக்கி தொடரும் கச்சேரிகளை அவருடைய நிறுவனம் நடத்தியது. பதிவிலுள்ள எதிரொலியும் மண்டபத்தின் எதிரொலியுஞ் சேர்ந்தால் வேறுபாடு புலனாகிவிடும் என்பதனால், எதிரொலியற்ற சூழலிலே பதிவுகள் செய்யப்பட்டன. இதனினும் குறிப்பிடத்தக்கது, நியூயோர்க் கிராண்ட் சென்ரல் புகையிரத நிலையத்தில் அந்நிறுவனம் அமைத்த கேட்கும் அறையாகும். அங்கே எவருங் கேட்கலாம். ஆனால் எதுவும் விற்கப்படவில்லை. வாங்க வேண்டும் என்னும் நெருக்குதலின்றி வழிப்போக்கன் ஒருவன் செவிகொடுத்து அமர்வதற்கு இடமுண்டாயிற்று.

சபை தன் தீர்ப்பால் உற்பத்தியாளனின் எண்ணத்தையே மாற்றியதற்கும் சான்றுண்டு. 1958ஆம் ஆண்டிலே மில்வோக்கி நகரில் நடந்த ஒலிக் கண்காட்சிக்கு ஜோன் கொஸ் என்பவர் கையிற் கொண்டுசெல்லத்தக்க ஸ்டீரியோ இசைத்தட்டுப் பொறியொன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒலியைத் தனித்துக் கேட்பதற்கென உடன் வைத்த ஹெட்போன் வெறுந் துணைக்கருவியே. வந்தோர் பொறியைப் பொருட்படுத்தாது ஹெட்போனையே நாடினர். தந்தித் தொழிலாளரின் கருவியாயிருந்தது அன்றுமுதல் இசை கேட்கும் கருவியாகப் பரவலாயிற்று. எதை விற்கவேண்டும் என்பதை விற்பவருக்கே சபை கற்பித்தது எனலாம்.

இத்துணை வளர்ச்சியின் பின்னரும் தீராத ஐயம் ஒன்று எஞ்சியது. கேட்போன் செவியால் மட்டுந்தான் கேட்கின்றானா? கருவியின் விலை, பெயர், தோற்றம் என்பன அவன் தீர்ப்பினுட் புகவில்லையா? 1978ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் மொயர் என்னும் பொறியியலாளர், பீற்றர் வோக்கரின் நிறுவனம் வெவ்வேறு காலங்களிலே செய்த மூன்று விரியலாக்கிகளை, எது இயங்குகின்றதென்பதைக் கேட்போர் அறியாதவாறு ஒப்பிட்டார். ஒன்று வால்வினால் இயங்குவது. மற்றிரண்டும் திரான்சிஸ்டரால் இயங்குவன. வால்வு இனியது, திரான்சிஸ்டர் கடியது என்று ஆர்வலர் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வந்தனர். கேட்டோரின் விடைகளோ ஊகத்தினின்று வேறுபடுத்திக் காணத்தக்கனவாக அமையவில்லை.

ஒலிபெருக்கிகளின் நிலை வேறாயிருந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலே புளொயிட் ரூல் என்பவர், ஒலியைத் தடுக்காத திரையொன்றின் பின்னே கருவிகளை மறைத்து, ஓசையின் அளவைச் சமப்படுத்தி, பலரைக் கேட்கச் செய்தார். 1985, 1986 ஆகிய ஆண்டுகளிலே அவர் வெளியிட்ட முடிவுகள், திரை இருக்கும்போது கேட்போரின் தீர்ப்புகள் பெரிதும் ஒத்துவருவதைக் காட்டின. 1994இலே அவரும் ஷோன் ஒலிவும் அதே கேட்போரைக் கொண்டு திரையோடும் திரையின்றியும் சோதித்தபோது, கருவியைக் கண்ணாற் கண்டதும் தீர்ப்பு மாறியது. 2003இலே ஒலிவ் 268 பேரை வைத்து நடத்திய ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. பயிற்சி பெற்றோர் நுண்ணிய வேறுபாடுகளை உறுதியாகக் கண்டனர். பயிற்சியற்றோர் அத்துணை உறுதியாகக் காணவில்லை. ஆயினும் எது நன்று என்னும் வரிசையிலே இருசாராரும் பெரும்பாலும் உடன்பட்டனர்.

இம்முடிவுகளை ஏற்காத ஆர்வலரும் உளர். அந்நிய அறையிலே, குறுகிய நேரத்திலே, பரீட்சை எழுதுவோன் போல அமர்ந்து கேட்பது இசை கேட்பதாகாது என்றும், நீண்டநாள் பழகிய கருவியின் குணம் இத்தகைய சோதனையிலே புலப்படாது என்றும் அவர் கூறுவர். இவ்வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் திரையை விலக்கிக் கேட்டால் உண்மை புலப்படும் என்பதற்கு இவ்வாதம் சான்றாகாது. நெடுநேரம் கேட்க இடமளிக்கும் சோதனை வேண்டும் என்பதற்கே சான்றாகும்.

இருபத்தோராம் நூற்றாண்டிலே இக்கூட்டங்கள் மீண்டும் ஆர்வலரின் கைக்கு வந்துள்ளன. வாடகைக்கு எடுத்த மண்டபங்களின் மேசைகளிலே தத்தம் ஹெட்போனையும் விரியலாக்கியையும் பரப்பிவைத்து, ஒருவர் கருவியை மற்றவர் காதிற் பொருத்திக் கேட்கும் கூட்டங்கள் பல நாடுகளிலே நடைபெறுகின்றன. தன் கருவியைப் பிறர் எடுத்துக் கேட்க மனமுவந்து கொடுத்தலும், தன் தெரிவு பிறருக்குப் பிடிக்காதபோது பொறுத்தலும் அங்குப் பழகிக்கொள்ளப்படும் பண்புகளாம். அங்கே விற்பவரின் ஆதிக்கம் குறைவு. ஆனால் விலையின் ஆதிக்கம் முற்றாக நீங்கிவிட்டது எனக் கூறுதற்கில்லை. விலையுயர்ந்த கருவி இருக்கும் மேசையை நோக்கியே முதலிற் கால்கள் செல்லும்.

இதுகாறும் நோக்கியவற்றால் ஓருண்மை புலனாகின்றது. சாதாரண மனிதனின் செவி தாழ்வானது, அவனுக்காக அறிஞனோ வணிகனோ தீர்ப்புக் கூறவேண்டும் என்னும் கருத்தை இவ்வரலாறு ஆதரிக்கவில்லை. எடிசனின் இருளிலே தவறிய அதே செவிதான் ரூலின் திரைக்கு முன்னே நேர்மையான சாட்சியமளித்தது. இரண்டிலும் கண்ணுக்கு மறைப்பு உண்டு. முன்னதிலே எப்போது எதை மறைப்பதென்பதை விற்பவர் தம் நன்மைக்காகத் தீர்மானித்தார். பின்னதிலே எல்லாக் கருவிகளும் ஒரு திரையின் பின்னே சமநிலை பெற்றன. சாட்சியின் தகுதி சாட்சியிடம் மட்டும் தங்கியிருப்பதன்று. அவனை விசாரிக்கும் மன்றின் அமைப்பிலும் தங்கியிருப்பது. செவியைக் குறைகூறுமுன், அது எந்த மன்றிலே, யாரால், எவ்வாறு வினவப்பட்டது என்பதை ஆராய்தல் வேண்டும். ஒலிக்கருவி பற்றிய தீர்ப்புகளுக்கு மட்டுமன்றி, மக்கள் கண்டதாகவும் கேட்டதாகவும் வரலாற்றிலே பதிவாகியுள்ள சாட்சியங்கள் யாவற்றுக்கும் இது பொருந்தும்.